வாழை மட்டைக் காகிதமும் அதனால் செய்யும் உருவங்களும்

தார் வெட்டிய வாழைமரம் மறுமுறை ஈனுவதில்லை. அதை வெட்டி வரப்பிலும் வாய்க்காலிலும் எறிந்துவிடுவது பலரது வழக்கம். அவ்வாறு கிடக்கும் தண்டுகளில் கூன்வண்டு பெருகி அடுத்த தோட்டத்தையும் கெடுக்கும், நீரோட்டமும் தடைப்படும். தண்டை உடனே அப்புறப்படுத்துவதோடு, அதன் நாரினால் காகிதமும் காகிதத்தால் உருவங்களும் செய்யும் முறையை இங்கு விவரிப்போம்.

கைக்காகிதம் கிராமத்துக்குப் புதிதன்று. 1934-இல் தோன்றி, தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா நடத்திய அகில இந்திய கிராமக் கைத்தொழில் சங்கம் இத்தொழிலை வார்தாவில் வளர்த்தது.

கூழ் செய்தல்: உள்தண்டு கறிக்கு ஆகும். மட்டைகளை மட்டும் ஓர் அங்குலத் துண்டுகளாக நறுக்கி உலர்த்த வேண்டும். உலர்ந்த மட்டை 1 கிலோவுக்குச் சலவைச் சோடா 200 கிராம் சேர்த்து, மட்டை மூழ்கும் அளவு நீரில், நார் விரலால் இழுத்தால் பிரியும்வரை வேகவைக்க வேண்டும். அலுமினியப் பாத்திரத்தைச் சோடா அரிக்குமாதலால் அது ஆகாது. நன்றாக அலசியபின் மரக்கட்டையால் இடிக்க வேண்டும். சிறிது கூழைக் கண்ணாடிப் புட்டியில் நீருடன் குலுக்கினால் கட்டியின்றிப் பரவுவதே பதம்.

உருவம் அமைத்தல்: கூழை நீரில் கரைத்து, வலை கட்டிய சட்டத்தால் அள்ளினால் தாள் படியும். மூங்கில் பிளாச்சுகளால் பறவை, மீன் முதலியவற்றின் கூடு கட்டி, ஈரத்தாள்களை விளிம்பின்மேல் விளிம்பு படியப் போர்த்த வேண்டும். பசை வேண்டுவதில்லை, நார்கள் தாமே பின்னிக்கொள்ளும். கூழை இடிக்க இடிக்கத் தாள் உலரும்போது மிகுதியாகச் சுருங்கும். எழுதும் காகிதத்துக்குக் குற்றமாகிய இச்சுருக்கமே உருவத்துக்குக் குணமாம். தாள் பறைத்தோல் போல் கூட்டின்மேல் இறுகி உரம் பெறும். பிலிப்பைன்ஸ் தீவுகளின் அபாக்கா என்னும் வாழையினத்தின் கூழைச் சிற்பிகள் விரும்புவதும் இதன்பொருட்டே. கூட்டின் முடிச்சுகள் தளர்ந்திருப்பின் உருவம் கோணும். கடுவெயிலில் வைப்பின் தாள் கிழியும். ஆகையால் நிழலில் மெல்ல உலர்த்துக.

எச்சரிக்கை: சோடா நீர் கண்ணிற் படலாகாது, கிணற்றிலும் வாய்க்காலிலும் அதைக் கொட்டலாகாது. உருவங்களை ஈரமும் கறையானும் அணுகாமற் காக்க வேண்டும்.

இதனால் பெருஞ்செல்வம் சேருமென்றெண்ணிக் கடன்பட்டு முதலிடுதல் தகாது. முதலில் ஒரு மரத்தின் மட்டையில் செய்து பார்த்து, வாங்குவோர் உளரென்று அறிந்தபின் பெருக்குவதே விவேகம். விலை போகாவிடினும் தோட்டம் சுத்தமாவது நிச்சயம். கிராம அதிகாரிகள் வாய்க்காலில் தண்டெறிவதைத் தடுத்து, இம்முறையை ஊராருக்கு எடுத்துரைப்பாராக.