இமை உள்ளே மடிந்தாலும் வெளியே மடிந்தாலும்

“வயசானா கண்ணுல தண்ணி வரத்தான் செய்யும்” என்று நம் லயங்களில் சொல்லக் கேட்காத நாளில்லை. அந்தத் தண்ணீர் ஏன் வருகிறது என்று இமையை உற்றுப் பார்ப்பவர்கள்தான் குறைவு. இந்த இதழில் நாம் அதைப் பார்ப்போம்.

வாசகி ஒருவர் தன் தாயாரைப் பற்றி நமக்கு எழுதியிருந்தார். பல வருஷம் கொழுந்து பறித்த அந்த அம்மா, இப்போது மன்னார் மாவட்டம் முசலியில், சிலாவத்துறைக்குக் கிட்ட மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். (முசலி நமக்கு அந்நிய ஊர் அல்ல. தோணியில் வந்த நம் முன்னோர் கரையேறி மாத்தளைப் பக்கம் நடக்கத் தொடங்கிய இடங்களில் அங்குள்ள அரிப்பும் ஒன்று.) அம்மாவுக்குக் கண் சிவந்து, எந்நேரமும் மண் விழுந்த மாதிரி உறுத்துகிறதாம். கடற்காற்றுத்தான் காரணம் என்கிறார்கள் அயலவர்கள். அக்கா இமை மயிரைப் பிடுங்கி விடுகிறாராம். “புடுங்கினா கொஞ்ச நாளைக்குச் சுகம், பிறகு பழையபடிதான்” என்று முடித்திருந்தார்.

உப்புக் காற்றும் மணலும் கண்ணை உறுத்தும், உண்மை. ஆனால் மயிரைப் பிடுங்கியதும் சுகம் வருகிறதென்றால் குத்துவது மயிர்தான். காற்றைக் குறை சொல்லிப் பயனில்லை.

நமது கீழ் இமை, இரண்டு முனையிலும் இழுத்துக் கட்டிய துணி காயப்போடும் கயிறு போன்றது. வயது போகப் போகக் கயிறு தொய்கிறது. இமையைக் கீழே பிடித்து வைத்திருக்கும் தசையும் தளர்ந்துவிட்டால், கண்ணை மூடும் தசை மேலே ஏறி இமை விளிம்பை உள்பக்கம் தள்ளிவிடும். அப்போது இமை மயிர்கள் கருவிழியில் உராயும். நிமிஷத்துக்குப் பத்துப் பதினைந்து தரம் நாம் கண் இமைக்கிறோம். அத்தனை தரமும் மயிர் உரசினால், கருவிழிக்கு முன்னாலிருக்கும் கண்ணாடி போன்ற படலம் என்னாவது? முதலில் கீறல், பிறகு புண், கடைசியில் வெள்ளைத் தழும்பு. இதைத்தான் “கண்ணில் பூ விழுந்தது” என்கிறோம். பூ நடுவில் விழுந்த பிறகு இமையைச் சரிசெய்தாலும் போன பார்வை அப்படியே திரும்பாது. இதற்காகத்தான் பொறுத்துக்கொண்டிருக்க வேண்டாம் என்கிறோம்.

வீட்டிலேயே பார்க்கலாம். பெரியவரைக் கீழே பார்க்கச் சொல்லி, கண்ணை இறுக மூடித் திறக்கச் சொல்லுங்கள். கீழ் இமை விளிம்பு உள்ளே சுருண்டு மயிர் மறைகிறதா? விரலால் மெதுவாகக் கீழே இழுத்தால் வெளியே வந்து, கண் சிமிட்டியதும் மறுபடி உள்ளே போகிறதா? அப்படியானால் தாமதிக்காமல் டொக்டரிடம் காட்டுங்கள்.

இமை வெளியே மடிவது வேறு விதம். உள்பக்கச் சிவப்புச் சதை வெளியே தெரியும். கண்ணீர் வடிந்து போகும் சின்னத் துவாரம் மூக்கோரம் இமையில் இருக்கிறது. இமை விலகினால் அதுவும் கண்ணை விட்டு விலகும். தண்ணீர் கன்னத்தில் வழியும். நாம் அதைச் சேலைத் தலைப்பால் கீழ்நோக்கி அழுத்தித் துடைக்கிறோம். துடைக்கத் துடைக்க இமை இன்னும் தொங்கும்! சுத்தமான துணியால் மேல்நோக்கி, மூக்குப் பக்கமாக மெல்ல ஒற்றுங்கள்.

வயது மட்டும் காரணமல்ல. முகத்தில் தீக்காயம் பட்டுத் தோல் சுருங்கினாலும் இமை வெளியே இழுபடும். திடீரென்று ஒரு பக்க முகம் கோணி, கண் மூடாமல் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்; மூன்று நாளைக்குள் மருந்து தொடங்கினால் குணமாகும் வாய்ப்பு அதிகம். தொழுநோயும் முக நரம்பைப் பாதித்துக் கண்ணை மூடவிடாமல் செய்யும். உணர்ச்சியில்லாத வெளிறிய தேமல் இருந்தால் மறைக்காதீர்கள், மருந்து இலவசம். இமை விளிம்பில் ஆறாத புண்ணோ கட்டியோ வந்து அந்த இடத்து மயிர் உதிர்ந்தால் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

வெற்றிலைச் சுண்ணாம்பைத் தனியாகச் சொல்லவேண்டும். பிள்ளையின் கண்ணில் அது தெறித்தால் கருவிழியும் வேகும், இமையின் உள்தோலும் வெந்து சுருங்கி உள்ளே மடியும். உடனே சுத்தமான தண்ணீரை அரை மணி நேரம் விடாமல் ஊற்றுங்கள். இமைக்கடியில் ஒட்டிய துண்டையும் கழுவி எடுங்கள். தாய்ப்பால், எண்ணெய் எதுவும் வேண்டாம். கழுவிய பிறகே ஆஸ்பத்திரி.

அயல்நாடான இந்தியாவில் ட்ரக்கோமா என்ற தொற்றுநோயும் மேல் இமையை உள்ளே திருப்பிப் பலரைக் குருடாக்கியது. 1963-ல் அங்கு அதற்கெதிரான திட்டம் தொடங்கியது. 2024 அக்டோபரில்தான், அது இனிப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. இமை மயிர்க் கோளாறுக்குத் தோலில் வாற்கோதுமை மணி வடிவத்தில் வெட்டியெடுத்துத் தைக்கும் முறை பழைய சுஸ்ருத சங்கிதையிலேயே இருக்கிறது. ஆகவே ஒப்பரேஷன் என்றதும் புதினமாகப் பயப்படத் தேவையில்லை.

பிடுங்கிய மயிர் ஒன்றிரண்டு மாதத்தில் மறுபடி முளைக்கும். முளைக்கும் கட்டை இன்னும் மோசமாகக் குத்தும். டொக்டரைப் பார்க்கும்வரை, உள்ளே மடிந்த கீழ் இமையைப் பிளாஸ்டர் துண்டால் கன்னத்தோடு இழுத்து ஒட்டலாம். தோட்ட டிஸ்பென்சரியில் ஒட்டும் விதத்தைக் காட்டச் சொல்லுங்கள். பார்மசியில் நீங்களாகக் கண் துளி மருந்து வாங்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீரொயிட் உண்டு, புண்ணிருந்தால் அது பெரிதாகும்.

ஒப்பரேஷனில் கண்ணைத் தோண்டுவதில்லை. இமைக்கு மட்டும் விறைப்பு ஊசி போட்டு, தொய்ந்ததை இழுத்துத் தைப்பார்கள். தோல் போதாவிட்டால் காதின் பின்புறத்திலிருந்து எடுத்து வைப்பார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். சிலருக்குச் சில வருஷத்தில் திரும்பவும் வரலாம், அதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு இல்லை.

முசலியில் இருப்பவர்கள் சிலாவத்துறை ஆஸ்பத்திரியில் காட்டி மன்னார் பொது வைத்தியசாலைக்குத் துண்டு வாங்கலாம். தோட்டத்தில் உள்ளவர்கள் டிஸ்பென்சரியில் துண்டு வாங்கி நுவரெலியா, பதுளை, கண்டி கண் கிளினிக்குகளுக்குப் போகலாம். சீனி, பிரஷர் உள்ளவர்கள் கிளினிக் கொப்பியையும் குடிக்கும் மாத்திரைகளையும் கொண்டுபோங்கள். ரத்தம் உறையாமலிருக்க அஸ்பிரின் குடிப்பவர்கள் அதை முதலிலேயே டொக்டரிடம் சொல்லவேண்டும். நீங்களாக நிறுத்தக் கூடாது.