பழைய ஃபியட்டுக்கு எந்தப் புத்தகம்?

இத்தாலிய கார் என்றால் சேலம், நாமக்கல் பக்கத்தில் நினைவுக்கு வருவது ஃபெராரியோ ஆல்ஃபா ரோமியோவோ அல்ல, ஃபியட்தான். பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி தயாரித்த ஃபியட் 1100, அதன் வாரிசாக வந்த பத்மினி. ஷெட்டில் தூசி படிந்து நிற்கும் அப்படியொரு காரை மறுபடி ரோட்டுக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் தேடுவது ஒரு நல்ல புத்தகத்தை. பெரும்பாலும் வெளிநாட்டில் அச்சான, வழவழப்பான தாளில் வண்ணப்படங்கள் நிறைந்த, விலை அதிகமான ஒன்றைத்தான் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, தங்கள் கார் அதில் இல்லை என்று சோர்ந்து போகிறார்கள். ஒரு புத்தகத்தின் தரத்தை அதன் தாளோ படமோ தீர்மானிப்பதில்லை என்பதுதான் இத்தனை காலம் இந்தப் புத்தகங்களோடு பழகி நான் வந்து சேர்ந்த முடிவு. அதில் உள்ள ஒவ்வொரு அளவும் எந்த ஆண்டு, எந்த மாடல், எந்தத் தொழிற்சாலை என்று சொல்கிறதா என்பதுதான் கேள்வி. அப்படிப் பார்த்தால் கிரீஸ் கறை படிந்த குர்லா பார்ட்ஸ் கேட்டலாக் முதல் இடத்துக்கு வரும். இத்தாலிய நூல்கள் அதற்கு அடுத்து. படப் புத்தகம் கடைசியில்.

இதற்குக் காரணம் அந்தக் காரின் வரலாற்றிலேயே இருக்கிறது. டான்டே ஜகோசா என்ற பொறியாளரின் தலைமையில் உருவான 1100, டூரின் நகரத்து ஃபியட் தொழிற்சாலையிலிருந்து 1953-ல் வெளிவந்தது. இத்தாலியில் அந்த வரிசை 1969-ல் நின்றுபோனது. இங்கேயோ 1964-ல் 'டிலைட்' வந்தது. 1970களின் தொடக்கத்தில் அது பிரீமியர் பிரசிடெண்ட் ஆனது. 1974-ல் பத்மினி என்ற பெயர் ஏறியது. 2000-ஐ ஒட்டிய காலம்வரை உற்பத்தி நடந்தது. அதாவது, இத்தாலிய ஆசிரியர் தன் கடைசி அத்தியாயத்தை முடித்த இடத்திலிருந்து அந்தக் கார் இந்தியாவில் இன்னும் முப்பது ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. அந்த முப்பது ஆண்டுகளில் மாறிய உதிரி பாகங்கள் எதுவும் டூரின் ஏட்டில் இருக்காது. 1985-ல் வந்த பிரீமியர் 118 என்.இ. இதைவிடச் சிக்கலானது. அதன் உடல் ஃபியட் 124. எஞ்சினோ ஜப்பானின் நிஸ்ஸான். 124 பற்றி எவ்வளவு நல்ல நூல் வாங்கினாலும் கண்ணாடிக்கும் கதவுக்கும் உதவுமே தவிர, பானெட்டைத் திறந்தவுடன் அது பயன்படாது.

புத்தகத்தைச் சோதிக்கக் கால்குலேட்டர் போதும். இந்திய டிலைட், பத்மினி பெட்ரோல் எஞ்சினின் கொள்ளளவு 1089 சிசி. சிலிண்டர் விட்டம் 68 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 75 மி.மீ., சிலிண்டர்கள் நான்கு. பெருக்கிப் பார்த்தால் கணக்கு சரியாக வரும். ஆனால் இத்தாலியில் 1962-ல் வந்த 1100 டி, வெளியே பார்த்தால் நம் டிலைட்டின் உடன்பிறப்பு. உள்ளே 72 மி.மீ. விட்டம், 1221 சிசி. பெயரில் 1100 என்று இருப்பதால் இரண்டும் ஒன்று என்று எண்ணிவிடுவது எளிது. ஒரு நூல் 1100 டி என்று தலைப்பிட்டு, எந்த நாட்டுத் தயாரிப்பு என்று சொல்லாமல் பிஸ்டன் அளவு கொடுத்தால், அதை நம்பி ஆர்டர் போட்டவர் கையில் 68 மி.மீ. பிளாக்குக்கு 72 மி.மீ. பிஸ்டன் வந்து சேரும். லேத் பட்டறையில் போர் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போடும்போது கால் மில்லிமீட்டர் வித்தியாசமே முக்கியம். நான்கு மில்லிமீட்டர் பிழையோடு எதுவும் செய்ய முடியாது. எனவே கடையில் நின்றபடியே விட்டம், தூரம், சிசி மூன்றையும் ஒத்துப்பாருங்கள். மூன்றும் பொருந்தாத புத்தகத்தில் டைமிங்கும் டார்க்கும் மட்டும் சரியாக இருக்கும் என்று நம்ப வழியில்லை.

இரண்டாவது சோதனை காரின் அடிப்பாகம் பற்றியது. நாமக்கல் வட்டாரத்தில் வண்டி என்றாலே சேஸிஸ் தனி, பாடி தனி என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. கம்பெனியிலிருந்து லாரி சேஸிஸ் சட்டமாக வரும். பாடி கட்டும் பட்டறையில் மரமும் இரும்பும் வைத்து மேல்பாகத்தை எழுப்புவார்கள். அந்தத் தொழிலறிவு பெரியது. ஆனால் ஃபியட் 1100-ல் தனிச் சட்டமே கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே பெட்டிபோல் ஓடும் பகுதி, தூண்கள், கூரை எல்லாம் சேர்ந்துதான் பாரத்தைத் தாங்குகின்றன. கதவுக்குக் கீழே துருவேறிய தகட்டின்மேல் ஒரு பேட்ச் வைத்துப் பற்றவைத்துவிட்டால் பார்வைக்கு அழகாக இருக்கும்; கார் மெல்லத் தொய்ந்து, கதவு சரியாக மூடாமல் போகும். நல்ல பட்டறைக் கையேட்டில் அடிப்பாகத்தின் குறுக்குவெட்டுப் படமும், ஒரு புள்ளியிலிருந்து இன்னொரு புள்ளிக்கு எத்தனை மி.மீ. என்ற அளவும் இருக்கும். அந்த ஒரு பக்கம், நூறு வண்ணப்படங்களைவிட டிங்கருக்குப் பயன்படும்.

'அனுபவமுள்ள மெக்கானிக் இருக்கும்போது புத்தகம் எதற்கு?' என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். சத்தத்தை வைத்தே டாப்பெட் இடைவெளியைச் சொல்லும் காது எந்த நூலுக்கும் கிடையாது. ஆனால் அவர் கைக்கு வந்தவை பெரும்பாலும் ஏற்கெனவே யாரோ மாற்றியமைத்த கார்கள். வேறு கார்பரேட்டர், வேறு டைனமோ, ஒட்டுப்போட்ட வயரிங். கார் எப்படி ஓடும் என்பது அவருக்குத் தெரியும். தொழிற்சாலையை விட்டு வரும்போது எப்படி இருந்தது என்பது ஏட்டுக்குத்தான் தெரியும். தவிர, ஃபியட்டில் கைபழகிய தலைமுறை ஓய்வுபெற்று வருகிறது. அவர்களின் அறிவும் ஏட்டில் ஏறினால்தான் நிற்கும்.

'எல்லாம் இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கிறதே' என்பது அடுத்த வாதம். கிடைக்கிறது, உதவவும் செய்கிறது. ஆனால் ஸ்கேன் செய்தவர்கள் அட்டையையும் முதல் பக்கத்தையும் விட்டுவிட்டால், அது எந்த ஆண்டுப் பதிப்பு என்ற தகவலே போய்விடுகிறது. மடித்து ஒட்டிய பெரிய வயரிங் படம் பாதியோடு நிற்கும். பார்ட்ஸ் கேட்டலாக்கின் உயிர்நாடி 'இந்த சேஸிஸ் எண் முதல்' என்ற சிறு குறிப்பு. மங்கலான ஸ்கேனில் 3-ம் 8-ம் ஒன்றாகத் தெரிந்தால் அந்தக் குறிப்பே வழிதவற வைக்கும். பதிப்பு விவரம், பக்க எண் தொடர்ச்சி, மடிப்புப் படங்கள் மூன்றும் முழுமையாக இருந்தால் ஸ்கேனையும் தாராளமாக நம்பலாம்.

'அப்படியானால் இத்தாலிய நூல்களே வேண்டாமா?' வேண்டும், வேறு வேலைக்கு. ஒரு பாகம் எப்படிக் கழற்றுவது என்பதைக் கையேடு சொல்லும். ஏன் அப்படி வடிவமைத்தார்கள் என்பதை வடிவமைத்தவர்தான் சொல்ல முடியும். ஜகோசா ஃபியட்டில் கழித்த நாற்பது ஆண்டுகளைப் பற்றி எழுதிய நூல் ஆங்கிலத்திலும் வந்திருக்கிறது. 1936-ன் டோபோலினோ முதல் 1957-ன் புதிய 500 வரை உருவாக்கிய கை அது. இந்திய ரோட்டில் இந்தக் கார்களின் வாழ்வை அறிய கௌதம் சென்னின் நூல்கள் இருக்கின்றன. இவற்றை வரலாற்றுக்காக வாங்குங்கள். ஸ்பேனர் எடுக்கும்போது திறந்து வைக்க அல்ல.

தேடும் வரிசையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஆவணம் உங்கள் ஆர்.சி. புத்தகம். தயாரித்த ஆண்டு, எஞ்சின் எண், சேஸிஸ் எண், சிசி ஆகியவற்றை அதிலிருந்து குறித்துக்கொண்டு, காரில் உள்ள தகட்டோடு ஒப்பிடுங்கள். அது தெரியாமல் எந்தப் புத்தகமும் வாங்காதீர்கள். அடுத்து, பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள். சேலத்திலும் ஈரோட்டிலும் சென்னை ஜி.பி. ரோட்டிலும் நீண்டகாலமாக வியாபாரம் செய்யும் கடைக்காரர்களிடம் கேட்டலாக் பரணில் கிடக்க வாய்ப்பு உண்டு. கடையை மூடும்போது அது எடைக்குப் போய்விடும், ஆகவே முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். விலைக்குத் தர மனமில்லை என்றால் நகல் எடுக்க அனுமதி கேளுங்கள். இந்தியாவில் அச்சாகும் நூல்களின் பிரதி சேர வேண்டிய நான்கு நூலகங்களில் சென்னை கன்னிமாராவும் ஒன்று; விலை கூடிய வரலாற்று நூலை வாங்குமுன் அங்கே கேட்டுப் பார்ப்பது நல்லது. கோவை அவிநாசி சாலையில் 2015-ல் திறந்த ஜீடி கார் மியூசியத்துக்கும் ஒரு நடை போய் வாருங்கள். நூலில் படித்த பழைய உடலமைப்புகளை நேரில் பார்க்கும்போதுதான் படத்தின் அருமை புரியும்.

இந்த மெனக்கெடலுக்கு இப்போது சட்டப்படியும் ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி, ஐம்பது ஆண்டைக் கடந்து, சேஸிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றமின்றி அசல் நிலையில் பராமரிக்கப்பட்ட காரைத்தான் வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்ய முடியும். 1974-ன் முதல் பத்மினிகள் அந்த வயதை எட்டிவிட்டன. எது அசல் என்று காட்ட உரிமையாளரின் வாய்ச்சொல் போதாது. கம்பெனி அச்சிட்ட பக்கம் வேண்டும். ஆகவே இருக்கிற பணத்தை முதலில் பார்ட்ஸ் கேட்டலாக்குக்கும் பட்டறைக் கையேட்டுக்கும் செலவிடுங்கள். அதில் இல்லாததை உங்கள் மெக்கானிக்கிடம் கேட்டு, தேதியும் அளவும் பாக எண்ணுமாகத் தமிழிலேயே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இத்தாலியர்கள் 1969-க்குப் பின் எழுதாமல் விட்ட பக்கங்களை எழுத வேண்டியவர்கள், அந்தக் காரை இன்றும் ஓட்டிக்கொண்டிருக்கும் நாம்தான்.