வீடியோ முடிந்தது, பக்கம் எங்கே?

வெப்சைட்டில் நம் கண்ணுக்குத் தெரிகிற பகுதியை உருவாக்கும் ஃப்ரன்ட் எண்ட் வேலையை, வீட்டில் உட்கார்ந்தபடி ஆன்லைனில் கற்றுக்கொள்ள முடியுமா? முடியும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கோர்ஸில் சேரும் முன்பே பிள்ளைகளின் மனதில் சில தவறான நம்பிக்கைகள் ஏறிவிடுகின்றன. பாடம் விரட்டுவதைவிட அதிகம் பேரை இவைதான் பாதி வழியில் விரட்டுகின்றன என்பது என் எண்ணம்.

"கோர்ஸை முழுசாப் பார்த்துட்டேன், எனக்கு ஜாவாஸ்கிரிப்ட் தெரியும்."

அதிகக் கெடுதல் செய்வது இந்த நம்பிக்கைதான். ஆசிரியர் டைப் செய்கிறார், நாமும் கூடவே டைப் செய்கிறோம். அவர் பக்கம் ஓடுகிறது, நம்முடையதும் ஓடுகிறது. மனம் நிறைந்துவிடுகிறது. ஆனால் எந்த வரியை எங்கே எழுதுவது என்ற முடிவுகள் எல்லாமே அவருடையவை. நாம் எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை.

சின்னதாக ஒன்று செய்து பாருங்கள். மளிகைக் கடைக்குப் பில் போடும் பக்கம். ஒரு பெட்டியில் அரிசி விலை 60, இன்னொன்றில் பருப்பு விலை 140. பட்டனைத் தட்டினால் 200 வர வேண்டும். புதிதாக எழுதுகிறவருக்குப் பெரும்பாலும் வருவது 60140. பெட்டியில் எண்ணைத் தட்டினாலும் பிரவுசர் அதை எழுத்துத் தொடராகத்தான் கொடுக்கிறது. பக்கத்தை இயங்க வைக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் கூட்டல் குறிக்கு இரண்டு வேலை: எண்களைக் கூட்டும், எழுத்துகளை ஒட்டும். இங்கே ஒட்டிவிட்டது. அதே இடத்தில் கழித்தல் குறி போட்டால் 60இலிருந்து 140 போய் மைனஸ் 80 என்று சரியாகவே வரும், ஏனென்றால் எழுத்துகளைக் கழிக்க வழியில்லாததால் அது தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கழித்தல் சரி, கூட்டல் தப்பு என்றால் யாருக்குத்தான் தலை சுற்றாது? முதலில் எண்ணாக மாற்றிவிட்டுக் கூட்டினால் தீர்ந்தது. இதை வீடியோவில் ஆசிரியர் சொல்லியிருப்பார், நாமும் தலையாட்டியிருப்போம். ஆனால் 60140ஐத் தன் திரையில் பார்த்து, காரணத்தைத் தேடிப் பிடித்தவருக்குத்தான் அது மறக்காது.

அதனால் ஒவ்வொரு பாடம் முடிந்ததும் வீடியோவை மூடுங்கள். காலி ஃபைலைத் திறந்து அதே பக்கத்தை நினைவிலிருந்து கட்டுங்கள். சிக்கும் இடத்தில் மட்டும் திரும்பிப் போய்ப் பாருங்கள். பாடம் பார்த்த நேரத்தைவிட இதற்குக் கூடுதல் நேரம் போகும். போகட்டும், படிப்பு நடப்பது அப்போதுதான்.

"ஹெச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ். எல்லாம் 2 நாள் வேலை. நேரா ரியாக்ட் போயிடலாம்."

ஹெச்.டி.எம்.எல். பக்கத்தின் அமைப்பு, சி.எஸ்.எஸ். அதன் தோற்றம், ரியாக்ட் ஜாவாஸ்கிரிப்டில் பக்கம் கட்ட உதவும் ஒரு கருவி. வேலை விளம்பரங்களில் ரியாக்ட் என்று போட்டிருப்பதால் வரும் அவசரம் இது. வெப்பை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ 1991இல் வெளியிட்ட முதல் வெப்சைட்டின் பக்கங்கள் இன்றைய பிரவுசரிலும் திறக்கின்றன. அந்த ஹெச்.டி.எம்.எல். அடித்தளம் அப்படியே இருக்கிறது. அதன் மேலே வந்த கருவிகள்தான் மாறிக்கொண்டிருக்கின்றன. 2006இல் ஜேகுவெரி, 2010இல் ஆங்குலர்ஜேஎஸ், 2013இல் ரியாக்ட். இவற்றில் ஆங்குலர்ஜேஎஸ்ஸுக்கான ஆதரவை கூகுள் 2021 முடிவோடு நிறுத்தியும்விட்டது.

அடித்தளத்தைத் தாண்டிக் குதித்தவர்களின் பக்கத்தை ஒரே சோதனையில் கண்டுபிடிக்கலாம். மவுஸைத் தொடாமல், கீபோர்டில் டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே போங்கள். டிவ் என்ற வெறும் பெட்டிக்கு நிறம் பூசி, ஓரத்தை வளைத்து, பட்டன் போலத் தெரிய வைத்திருந்தால் டேப் அதைத் தொடாமலே தாண்டிப் போய்விடும். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் ஸ்கிரீன் ரீடரும் அதைப் பட்டன் என்று சொல்லாது. உண்மையான பட்டன் டேக்கைப் போட்டிருந்தால் இவை எல்லாம் ஒரு வரி கூடுதலாக எழுதாமலே கிடைத்திருக்கும். அந்தப் பக்கம் ரயில் டிக்கெட் எடுக்கும் பக்கமாக இருந்தால் ஒருவர் டிக்கெட் எடுக்க முடியாமல் போகிறார். இதை 2 நாள் வேலை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கணக்கு வரணும், கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்சிருக்கணும், விலை உயர்ந்த லேப்டாப் வேணும்."

மூன்றும் வேண்டாம். தொடக்கத்துக்குப் பள்ளிக் கணக்கு போதும். பிரவுசரும் இலவசமாகக் கிடைக்கும் ஒரு எடிட்டரும் ஓடுகிற பழைய லேப்டாப் போதும். போனில் மட்டும் படிப்பது தொடங்க உதவும், நெடுந்தூரம் போக உதவாது. ஆங்கிலம் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சரளமாகப் பேசத் தேவையில்லை, ஆனால் எரர் செய்தியையும் விளக்க ஆவணத்தையும் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும். தமிழ் வீடியோவில் கருத்தைப் பிடித்துக்கொண்டு, பிறகு அதே தலைப்பை ஆங்கிலத்தில் மெதுவாகப் படியுங்கள்.

"காசு கட்டினால்தான் தரம். சர்டிஃபிகேட் வந்தால் வேலை."

2014இல் தொடங்கிய ஃப்ரீகோட்கேம்ப் என்ற கற்றல் தளம் லாப நோக்கமற்றது. பாடமும் சான்றிதழும் இலவசம். ஓடின் ப்ராஜெக்ட் என்ற தளமும் இலவசம். மொசில்லாவின் எம்.டி.என். விளக்க ஆவணங்களைத் தொழிலில் இருப்பவர்களே தினமும் புரட்டுகிறார்கள். கட்டணக் கோர்ஸ் எல்லாம் வீண் என்று சொல்லவில்லை. சந்தேகம் கேட்க ஆளும், எழுதியதைத் திருத்தித் தர ஆளும் இருந்தால் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. "100 சதவீதம் வேலை உறுதி" என்று சொல்லித் தவணையில் பணம் கட்டச் சொல்பவர்களிடம், அந்த உறுதியை எழுத்தில் கேளுங்கள். பெற்றோரின் சேமிப்பு அது.

"இனி ஏ.ஐ. எழுதித் தந்துவிடும், எதற்குக் கற்க வேண்டும்?"

எழுதித் தருகிறது, உண்மைதான். ஆனால் தந்தது சரியா என்று பார்க்கத் தெரிந்தவர் வேண்டும். டேப் தாண்டிப் போகும் அந்தப் போலி பட்டனை அதுவும் எழுதித் தரக்கூடும். கற்கும் காலத்தில் அதனிடம் ப்ரோகிராம் கோடு கேட்காதீர்கள். உங்கள் கோடு ஏன் உடைந்தது என்று கேளுங்கள்.

இந்த வாரமே ஒன்று செய்யுங்கள். உங்கள் ஊர்ப் பேருந்து நேரங்களைக் காட்டும் ஒரே ஒரு பக்கத்தை எந்த வீடியோவும் பார்க்காமல் கட்டி, பக்கங்களை இணையத்தில் ஏற்ற உதவும் கிட்ஹப் பேஜஸில் இலவசமாக ஏற்றுங்கள். லிங்கை நான்கு பேருக்கு அனுப்பி அவர்கள் போனில் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளைச் சரிசெய்த பிறகு அடுத்த பாடத்துக்குப் போங்கள்.