ஒரு தயிர்ச்சட்டியும் கொஞ்சம் மணலும்

தயிர் தீர்ந்ததும் சட்டியை என்ன செய்கிறோம்? கழுவி வைப்போம், பூங்கன்று நடுவோம், இல்லாவிட்டால் குப்பையோடு போய்விடும். களனியில் என் வீட்டில் நடக்கும் சித்திர வகுப்பில் அதைத்தான் பாடப்பொருளாக வைத்திருக்கிறேன். ஒரே சட்டி, மூன்று கிழமை. பூச்சட்டியோ பழத்தட்டோ வைக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றின் அழகு எல்லோருக்கும் முன்பே தெரியும், அதனால் பிள்ளைகள் பார்க்காமலே வரைந்துவிடுவார்கள். தயிர்ச்சட்டியை அப்படி வரைய முடியாது.

அதைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பாருங்கள். வெளிப்புறத்தில் குயவரின் விரல் சுற்றிய கோடுகள் தட்டுப்படும். அடியில் சொரசொரப்பு. கடதாசி மூடிக் கயிறு கட்டிய கழுத்து கொஞ்சம் வழுவழுப்பு. உள்ளே எவ்வளவு கழுவினாலும் போகாத வெண்மை. மண் பளபளப்புப் பூசாதது. அதன் நுண்துளைகளால் நீர் கசிந்து ஆவியாகிறது, தயிர் இறுகிக் குளிர்ச்சியாகவும் இருக்கிறது. ஆகவே அந்தச் சொரசொரப்பு வெறும் தோற்றமல்ல, சட்டி செய்யும் வேலையே அதில்தான் இருக்கிறது. அதைத் தட்டையான ஒரு செம்மண் நிறத்தால் காட்டிவிட முடியுமா?

களனி விகாரையில் சோலியஸ் மென்டிஸ் வரைந்த சுவரோவியங்களைப் பார்த்தவர்களுக்கு ஓவியத்தின் இன்னொரு வழி தெரியும். அங்கே கோடுதான் அரசன், நிறம் மெல்லியதாகப் படிந்திருக்கிறது. நான் சொல்லும் வழி அதற்கு நேர் எதிரானது. நிறத்தையே மண்போலக் குவித்து, சுரண்டி, பொருளின் தோலைத் தாளில் எழுப்புவது. வின்சன்ட் வான் கோ 1886இல் பாரிஸில் ஒரு சோடி பழைய சப்பாத்துகளை இப்படித் தடித்த நிறத்தால் வரைந்தார். பழைய சாமான் சந்தையில் வாங்கிய சப்பாத்தை, மழைச் சேற்றில் நடந்து அழுக்காக்கிய பின்பே வரைந்தார் என்று அவரோடு படித்த ஒருவர் சொல்லியிருக்கிறார். பிறகும் பல தடவை சப்பாத்துகளையே வரைந்தார். நம் நாட்டில் 1943இல் கொழும்பில் உருவான ‘43 குழு’வைச் சேர்ந்த ஜஸ்டின் தெரணியகலவின் படங்களிலும் தூரிகையின் தடத்தை நன்றாகக் காணலாம். பார்ன்ஸ் பிளேஸில் உள்ள சபுமல் நிலையத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிச் செல்லுங்கள். அச்சிட்ட படத்தில் தடிப்புத் தெரியாது. நேரில் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும்.

இனிச் செய்முறை. ஒயில் வர்ணம் தேவையில்லை. விலையும் அதிகம், தடித்துப் பூசினால் காய மாதக்கணக்காகும். தடித்த காட்போட் ஒன்றை எடுத்து இரண்டு பக்கமும் வெள்ளைப் பசை பூசிக் காயவிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் பூசினால் அட்டை வளைந்துவிடும். சட்டியின் உருவைப் பென்சிலால் கீறிய பின், அரித்த ஆற்றுமணலில் ஒரு கரண்டிக்கு இரண்டு கரண்டி பசை கலந்து அடிப்பகுதியில் அப்புங்கள். வெள்ளவத்தைக் கடற்கரை மணலென்றால் உப்புப் போக நன்றாகக் கழுவ வேண்டும். விரற்கோடுகளுக்கு, ஈரமான கலவையில் பழைய சீப்பின் பல்லை வளைவாக இழுத்தால் போதும். கழுத்துக்கு டிஷ்யூக் கடதாசியைப் பசையில் நனைத்துக் கசக்கி ஒட்டுங்கள். கயிற்றுக்குத் தும்பு இருக்கிறது. ஓர் இரவு முழுக்கக் காயட்டும்.

நிறம் பூசும்போதுதான் அவசரப்படுவார்கள். முதலில் கடும் கபில நிறத்தை நீராகக் கரைத்து முழுவதும் ஓடவிடுங்கள். அது பள்ளங்களில் போய்த் தங்கும். காய்ந்ததும் செம்மண் நிறத்தைக் கெட்டியாக எடுத்து, தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு, மேடுகளை மட்டும் தொட்டுச் செல்லுங்கள். ஒளி விழும் பக்கம் இன்னும் வெளிறிய நிறம், அதுவும் அப்படியே. பொஸ்டர் வர்ணத்தைத் தடித்துப் பூசினால் வெடிக்கும், கொஞ்சம் பசை கலந்தால் நிற்கும். தூரிகைக்குப் பதிலாகப் பழைய பிளாஸ்டிக் அட்டையின் விளிம்பும் நன்றாக வேலை செய்யும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: பின்னணியை வழுவழுப்பாக விடுங்கள். எல்லா இடமும் மணலென்றால் சட்டி எங்கே என்று தேட வேண்டியிருக்கும். இத்தாலிய ஓவியர் ஜோர்ஜியோ மொராண்டி பல்லாண்டுகள் போத்தல்களையும் குடுவைகளையுமே வரைந்தவர். அவருக்குச் சுற்றியிருக்கும் வெறுமையும் பொருளைப் போலவே முக்கியமாயிருந்தது.

ஒரு வாப்பா என்னிடம் கேட்டார், “டீச்சர், மூணு கெழமையா இந்தச் சட்டியத்தானே கீறுறா, சோதனைக்கு இது வருமா?” நியாயமான கேள்வி. சாதாரண தரச் சித்திரப் பாடத்தில் பொருள்களைப் பார்த்து வரைவதும் உண்டு, ஆகவே பயன்படும் என்றேன். உயிருள்ளவற்றின் உருவத்தை வரைவதில் தயங்கும் வீடுகள் நம்மிடையே பல. சட்டியில் அந்தச் சிக்கலும் இல்லை. ஆனால் நான் அவருக்குக் காட்ட விரும்பியது வேறொரு பிள்ளையின் படத்தை.

2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது அந்தப் பிள்ளையின் வீட்டுக்குள்ளும் நீர் புகுந்தது. வடிந்த பிறகு குசினியில் உடையாமல் கிடந்த பொருள்களில் ஒரு தயிர்ச்சட்டியும் இருந்தது. பாதி உயரத்துக்குச் சேற்றுக்கோடு. அதையே வகுப்புக்குக் கொண்டுவந்தாள். கழுவித் தரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று தலையாட்டினாள். கோட்டுக்குக் கீழே மணலோடு, சட்டியிலிருந்து சுரண்டிய சேற்றையே பசையில் குழைத்துப் பூசினாள். மேலே மணலே இல்லை, மெல்லிய நிறம் மட்டும். வெள்ளத்தைப் பற்றி அதுவரை அவள் வகுப்பில் ஒரு சொல்லும் பேசியிருக்கவில்லை.

வாப்பா படத்தைக் கையில் எடுத்து யன்னல் பக்கம் திருப்பினார். பக்கத்து வெளிச்சத்தில் சேற்றுக்கோட்டின் நிழல் தாளில் விழுந்தது. விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்து, “எங்கட ஊட்டுச் செவருலயும் இந்த ஒசரந்தான்” என்றார்.

தடிப்பான படங்களைச் சுருட்ட வேண்டாம், வெடித்துவிடும். நடுவில் எண்ணெய்க் கடதாசி வைத்துத் தட்டையாக அடுக்குங்கள்.