விளியும் மூளையும்: நார்த்தாமலைக் கல்வெட்டுப் பெயரை முன்வைத்து

நார்த்தாமலை விசயாலய சோழீச்சுரக் கல்வெட்டு, கோயிலை எடுப்பித்தவனைச் சாத்தன் பூதி எனும் இயற்பெயராலும் இளங்கோவதியரையன் எனும் பட்டப்பெயராலும் குறிக்கிறது. பட்டப்பெயர் பொறிப்பதற்குச் சிறந்தது. உற்றார் விளிப்பதற்குரியது இயற்பெயரே. தொல்காப்பிய விளிமரபின்படி, பூதி என்பது விளிக்கையில் 'பூதீ' என நீளும்.

செவிவழி வரும் தன்பெயருக்கு மூளை தனி முதன்மை தருகிறது. ஒரு செவியில் கேட்பதை மட்டும் கவனித்துத் திருப்பிச் சொன்னோருள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், மறுசெவியில் ஒலித்த தம் பெயரை உணர்ந்ததாக மோரே 1959இல் காட்டினார். உறக்கத்திலும் இவ்வேறுபாடு நிலவுவதைப் பெரின் குழுவினர் 1999இல் மூளை மின்னலைப் பதிவால் நிறுவினர். நினைவிழந்தோரின் உணர்வுநிலையை அறியவும் இம்முறை கையாளப்படுகிறது.

எனவே, தமிழரிடம் இச்சோதனை நிகழ்த்துகையில் ஆவணப்பெயரினும் வீட்டார் விளிக்கும் வடிவமே ஒலித்தல் தகும். பழகாத வடிவத்திற்கு மூளை துலங்காமையை உணர்வின்மை எனக் கொள்ளலாகாது.