முகத்தில் தையலோடு வீடு திரும்பினால்...

தோட்ட வேலையில் வெயில் குடித்த முகங்கள் சுங்கை பாக்காப் பக்கம் நிறைய. நம் நிறத்தவருக்குத் தோல் புற்றுநோய் குறைவுதான். வந்தால் கரும்புள்ளியாகத் தெரிவதால் மச்சம் என்று விட்டுவிடுகிறோம். முகத்தில் அதிகம் வருவது 'பேசல் செல்' வகை. மெல்ல வளரும், வேறு உறுப்புக்குப் பரவுவது மிக அரிது. வெட்டி எடுத்த பிறகு நோயைவிடக் கண்ணாடியோடுதான் மல்லுக்கட்டு.

1. முதல் சில இரவுகள் இரண்டு தலையணை வைத்துப் படுங்கள். மூக்கில் வெட்டினாலும் கண்ணுக்குக் கீழே வீங்கிக் கறுக்கும்; பயம் வேண்டாம்.

2. ரத்தம் கசிந்தால் சுத்தமான துணியால் 20 நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்கக் கூடாது. நிற்காவிட்டால் சுங்கை பாக்காப் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

3. காயத்தின் மேல் மஞ்சள், திருநீறு, சந்தனம் எதுவும் ஆகாது. பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்பது பழைய கணக்கு. டாக்டர் சொன்னபடி கழுவி, வாசலின் பூசி ஈரப்பசையோடு வைத்தால் தழும்பு மட்டுப்படும்.

4. 'பந்தாங்' (பத்தியம்) என்று முட்டையையும் கோழியையும் நிறுத்தாதீர்கள். புண் ஆறப் புரதம் வேண்டும். மலாய், சீன அண்டை வீட்டார் விரால் சூப் கொண்டுவந்தால் வாங்கிக் குடியுங்கள். நிறுத்த வேண்டியது சிகரெட்டை; ஒட்டுப்போட்ட தோலுக்கு அது ரத்தம் போகவிடாது.

5. தழும்பு முதல் மாதங்களில் தடித்து, நிறம் ஏறி, மோசமாகவே தெரியும். அடங்க ஒரு வருடம்கூட ஆகும். ஆறாவது வாரத்திலேயே தீர்ப்பு எழுத வேண்டாம். மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள்; கண்ணாடி காட்டாத மாற்றத்தைப் படம் காட்டும். காயம் நன்றாக மூடியதும் டாக்டரைக் கேட்டு சிலிகோன் ஜெல் பூசலாம், விரலால் நீவலாம்.

6. சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்குக் குறையாமல். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை. முன்னால் மட்டும் விளிம்புள்ள தொப்பி காதை மறைக்காது.

7. கல்யாண வீட்டில் "மூக்குல என்னாச்சு?" என்று கேட்கத்தான் கேட்பார்கள். "கட்டி இருந்துச்சு, எடுத்தாச்சு" என்று ஒரே வரியை வைத்துக்கொண்டு பேச்சை மாற்றுங்கள். வீட்டார் தழும்பைப் பார்த்துப் பேசாமல் கண்ணைப் பார்த்துப் பேசினாலே பாதி மருந்து.

8. முகம் பற்றிய மனக்குறையை டாக்டரிடம் சொல்ல வெட்கம் எதற்கு? அதைக் கேட்டறிவதற்கென்றே 'ஃபேஸ்-க்யூ' என்ற வினாத்தாளை மருத்துவர்கள் உருவாக்கியிருக்கிறார்கள்.

9. ஒருமுறை வந்தவருக்கு இன்னொரு இடத்திலும் வரலாம். காது மடல், கழுத்து, வழுக்கை எல்லாம் மாதம் ஒருமுறை பாருங்கள். 4 வாரமாகியும் ஆறாத புண்ணோ பளபளக்கும் கரும்புள்ளியோ தென்பட்டால், அடுத்த அப்பாயின்மெண்ட் வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.