காயா, கனியா? பூவைக் கேளுங்கள்!

மாணவர்களே, லுக்குட் வட்டாரத்துத் தோட்ட வீடு ஒன்றின் கொல்லையை நினைத்துப் பாருங்கள். வேலியில் பாகல், தரையில் பூசணி, ஓரத்தில் வெண்டை, கத்திரி, தக்காளி. இவற்றுள் எத்தனை கனிகள்? "ஒன்றுமில்லை, எல்லாம் காய்கறி" என்பீர்கள். தாவரவியலின் விடை வேறு: ஐந்துமே கனிகள்தாம்!

பூவின் சூற்பை வளர்ந்து உருவாவதே கனி. சூற்பைக்குள் இருக்கும் சூல்கள் விதைகளாகின்றன. இனிப்போ புளிப்போ கசப்போ, சுவைக்கு இதில் வேலையில்லை. வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். பெரும்பாலும் ஐந்து அறைகளும் அவற்றில் விதைகளும் தெரியும். முருங்கை, புடலை, வெள்ளரி, மிளகாய், அவரை எல்லாம் இப்படித்தான். மரவள்ளிக்கிழங்கும் கேரட்டும் வேர், உருளைக்கிழங்கு நிலத்தடித் தண்டு, கீரை இலை. இவை கனிகள் அல்ல.

இந்தக் குழப்பம் நீதிமன்றம்வரை போயிருக்கிறது. அமெரிக்காவில் 1883ஆம் ஆண்டுச் சட்டப்படி இறக்குமதியாகும் காய்கறிக்கு 10 விழுக்காடு வரி; பழத்துக்கு வரியில்லை. தக்காளி பழமே என்று நிக்ஸ் என்ற வணிகர் வழக்காடினார். 1893இல் உச்ச நீதிமன்றம், தாவரவியலில் அது கனியே என்றாலும், மக்கள் வழக்கில் காய்கறி என்பதால் வரி உண்டு எனத் தீர்ப்பளித்தது. அறிவியலுக்கு ஓர் அளவுகோல், சந்தைக்கு ஓர் அளவுகோல்!

சரி, இதைத் தெரிந்து என்ன பயன்? பூசணியில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு. பெண்பூவின் அடியில் குட்டிப் பூசணிபோல் உருண்டிருப்பதுதான் சூற்பை. தேனீக்கள் மகரந்தம் கொண்டுவராவிட்டால் அது மஞ்சளாகி உதிர்ந்துவிடும். காலையில் பூ விரிந்திருக்கும் நேரத்தில் பூச்சிமருந்து அடித்தால் தேனீக்கள் சாகும், காயும் கிடைக்காது.

நம் நாட்டுச் செம்பனையும் கனிதான். அதன் சதையிலிருந்துதான் பாமாயில் கிடைக்கிறது. முன்பு தோட்டங்களில் மகரந்தத்தை டால்க் தூளுடன் கலந்து, தொழிலாளர்கள் பெண்பூங்கொத்துகளில் தூவினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த ஒரு சிறு கூன்வண்டு 1981இல் தோட்டங்களில் விடப்பட்டது. அந்த வேலையை அது ஏற்றுக்கொண்டது.

செய்து பாருங்கள்: விடிந்ததும் ஓர் ஆண்பூசணிப் பூவைப் பறித்து, இதழ்களை நீக்கி, அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவுங்கள். இன்னொரு பெண்பூவை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் அடையாள நூல் கட்டி ஒரு வாரம் கவனியுங்கள். எந்தப் பிஞ்சு பருக்கிறது, எது உதிர்கிறது என்று குறித்து வையுங்கள்.